போளூர்ப் பிள்ளைகளும் நேர்முகப் பரீட்சையும்

மென்பொருள் எழுதும் உத்தியோகத்தை நாடும் இளைஞர், அதற்குரிய நேர்முகப் பரீட்சைக்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ளல் வேண்டும் என்பது குறித்துச் சில எழுதுமாறு இம்மலரின் ஆசிரியர் எம்மைக் கேட்டனர். இப்பொருள் பற்றிப் பெரும் புத்தகங்கள் பல உள. கேல் மெக்டொவெல் என்னும் அம்மையார் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் உலகெங்கணும் மாணவர் கைகளில் உலவுகின்றது. அத்தகைய நூல்களைக் கற்றவர்க்கு யாம் புதிதாகக் கூறக்கூடியது மிகுதியில்லை. ஆயினும் அவை நம் ஊர்ப் பிள்ளைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை அல்ல. வீட்டில் முதன்முதலாகக் கலாசாலை மிதித்தவர், ஆங்கிலத்தைப் புத்தகத்தில் மட்டுமே கண்டவர், தம் தந்தையார்க்கே தாம் நாடும் தொழில் யாதென்று விளக்க இயலாதவர் ஆகிய இவர்கள் எவ்வாறு ஆயத்தம் செய்வர் என்பதே எம் கவலை. ஆதலின் எம் ஊராகிய போளூரில் யாம் நேரிற் கண்டவற்றைக்கொண்டே இதனை எழுதத் துணிந்தோம்.

போளூரை அறியாதார் பொருட்டுச் சில சொல்லுவோம். காட்பாடிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே செல்லும் ரயில் பாதையில், வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே உள்ளது எம் ஊர். ஊரையடுத்துச் சம்பத்கிரி என்னும் குன்றும் அதன்மேல் நரசிம்மர் கோயிலும் உள. மேற்றிசையில் ஜவ்வாது மலை நீண்டு கிடக்கின்றது. அம்மலையில் காவலூர் என்னுமிடத்தில் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடியையுடைய தொலைநோக்கி ஒன்று 1986-ஆம் ஆண்டு முதல் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய வானாராய்ச்சி நிலையத்தில் நிற்கின்றது. கோடானுகோடி மைல்களுக்கு அப்பாலுள்ள விண்மீனின் ஒளி அம்மலைக்கு வந்து சேர்கின்றது. அதே மலையின் சிற்றூர்களில், கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கையிலேயே அலை அறுந்துபோகின்றது. இவ்விரண்டும் ஒரு மலையிலேயே நிகழ்வன என்பதை எண்ணுந்தோறும் எமக்கு நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும்.

யாம் சென்னையில் இவ்வுத்தியோகத்தில் அமர்ந்து வருடங்கள் பல சென்றன. பரீட்சிக்கப்படுவோராக மேசையின் ஒரு புறத்திலும், பின்னர்ப் பரீட்சிப்போராக மறுபுறத்திலும் அமர்ந்திருக்கின்றோம். விடுமுறைக்கு வீடு வரும்போதெல்லாம் திண்ணையில் இரண்டொரு பிள்ளைகள் எமக்காகக் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. சில வேளைகளில் பிள்ளைகளுக்கு முன் பெற்றோரே வந்துவிடுவர். பேருந்து நிலையத்தருகே தேநீர்க்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "தம்பி, இந்த வேலையில் என்னதான் செய்வார்கள்? காலையிலிருந்து மாலைவரைக்கும் பெட்டியைத் தட்டிக்கொண்டே இருப்பார்களாமே?" என்று வினவினர். கண்டக்டர் கையிலுள்ள டிக்கெட் இயந்திரத்தை உதாரணமாகக் காட்டினோம். "போளூரிலிருந்து ஆரணி என்று அழுத்தினால் கட்டணம் தானாக வருகிறதல்லவா? அந்தக் கணக்கை எவ்வாறு போடவேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே எழுதிவைப்பவர்கள் இவர்கள்," என்றோம். அவர் சற்றே யோசித்து, "அப்படியானால் இவன் தப்பாக எழுதிவைத்தால் ஊரெல்லாம் தப்பான டிக்கெட் வாங்கும். ஆளைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பான்," என்றனர். நேர்முகப் பரீட்சை எதன்பொருட்டு நடைபெறுகின்றது என்பதை இதனினும் தெளிவாக உரைத்தாரை யாம் கண்டிலோம்.

பரீட்சையின் படிகளை நீட்டித்து விவரிக்க வேண்டுவதில்லை. முதலில் கணிதமும் தருக்கமும் ஆங்கிலமும் கலந்த எழுத்துப் பரீட்சை. அடுத்து, மாணவர் 'கோடிங் ரவுண்ட்' என வழங்கும் நிரல் எழுதும் சுற்று. அதன்பின் தொழிலறிவை ஆராயும் நேர்முகம். இறுதியில், ஆளின் குணத்தையும் எதிர்பார்ப்பையும் அறியும் 'ஹெச்.ஆர்.' நேர்முகம். கம்பெனிக்குக் கம்பெனி இவை சிறிது மாறும். சிலர் ரயில் டிக்கெட் முன்பதிவு, வாடகைக் கார் ஏற்பாடு போன்ற ஒரு முழுக் காரியத்தைத் தந்து, சில மணி நேரத்துக்குள் அதற்கு நிரல் எழுதிக் காட்டச் சொல்லுவர். எழுத்துப் பரீட்சைக்கு வேண்டுவது பழக்கம் ஒன்றே. நாள்தோறும் ஒரு மணி நேரம் மூன்று மாதம் பழகினால் நடுத்தர மாணவனும் அதனைக் கடந்துவிடுவான். எம் பிள்ளைகள் இடறி விழுவது இரண்டாம், மூன்றாம் சுற்றுகளிலேயே. அவற்றையே ஈண்டு விரித்துரைப்போம்.

சென்ற வருடத்தில் எம்மிடம் வந்தோருள் மலையிலிருந்து இறங்கி வந்த பெண் ஒருத்தி இருந்தனள். அவள் பெற்றோர் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் சாமை பயிரிடுவோர். அண்ணனும் அண்ணியும் வெளிமாவட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்று ஈட்டிய பணத்தில் ஒரு பகுதி அவள் படிப்புக்குச் செலவாகியிருந்தது. போளூரில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்துப் பட்டம் பெற்றவள். வேலை கிடைத்தால் அண்ணன் ஊரிலேயே தங்கிவிடலாம் என்பது அவ்வீட்டார் கணக்கு. அவளிடம் இருந்தது ஒரு தடித்த நோட்டுப்புத்தகம். அதில் நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களும் அவற்றின் விடை நிரல்களும் முத்துப்போன்ற கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்.

'இருபாதித் தேடல்' என்று சொல்லத்தக்க 'பைனரி செர்ச்' என்பதை எழுதிக் காட்டுமாறு கேட்டோம். ஒரு நிமிடத்திற்குள் எழுதிவிட்டாள். பிழை ஒன்றும் காணப்படவில்லை. "நன்று; பட்டியலில் ஒரு பெயரும் இல்லையாயின் இந்நிரல் என்ன செய்யும்?" என்றோம். மௌனம். "தேடும் பெயர் கடைசியிடத்தில் இருந்தால் எத்தனை முறை பார்க்கும்?" என்றோம். மீண்டும் மௌனம். "அண்ணா, அதெல்லாம் இந்த நோட்டில் இல்லையே," என்றாள். அவள் திறமையில் எமக்கு ஐயம் எழவில்லை. மனப்பாடம் செய்தே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் கடந்தவர்க்கு, மனப்பாடமே ஆயத்தம் என்று தோன்றுவது இயற்கை. பரீட்சகரோ நிரலை வாங்கிக்கொண்ட பிறகுதான் பரீட்சையைத் தொடங்குகிறார்.

இத்தேடலின் வரலாறு சிறிது அறியத்தக்கது. எம் பிள்ளைகளுக்கு யாம் தவறாது சொல்லும் கதையும் இதுவே. அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவோர் முதல் ஏட்டிலிருந்து புரட்டுவதில்லை. நடுவில் திறந்து, தேடும் சொல் முன்னதா பின்னதா என்று பார்த்து, ஒரு பாதியை ஒதுக்கி, எஞ்சிய பாதியில் மறுபடியும் நடுவில் திறப்பர். ஆயிரம் பெயர்களுள்ள வரிசைப்பட்டியலில் பத்து முறை பார்த்தாலே போதும்; பத்து லட்சம் பெயர்களாயின் இருபது; நூறு கோடியாயினும் முப்பதே. இத்துணை எளிய கருத்தை 1946-ஆம் ஆண்டில் ஜான் மாக்லி என்பவர் தம் விரிவுரையில் வெளியிட்டனர். ஆனால் எந்த அளவுள்ள பட்டியலுக்கும் பொருந்துமாறு டெரிக் லேமர் என்பவர் அதனை வெளியிட்டது 1960-ஆம் ஆண்டில்தான். இடையே கழிந்தவை பதினான்கு ஆண்டுகள். பின்னர் ஜான் பென்ட்லி என்னும் ஆசிரியர், தொழிலிலேயே உள்ள நிரலாளர் நூற்றுவர்க்கு மேற்பட்டோரிடம் இதனை எழுதச் சொல்லிப் போதிய அவகாசமும் தந்து சோதித்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுதியதில் பிழை இருக்கக் கண்டனர்.

கதை இத்துடன் முடியவில்லை. அப்பென்ட்லி தாமே ஒரு நிரலை எழுதி, அது சரியென்று நிறுவியும் காட்டித் தம் நூலில் அச்சிட்டனர். அவர் விரிவுரையை மாணவராக இருந்து கேட்டவர் ஜோஷுவா பிளாக். இவர் பிற்காலத்தில் ஜாவா என்னும் நிரல்மொழியின் நூலகத்தில் அத்தேடலை எழுதிவைத்தனர். 2006-ஆம் ஆண்டில் அவரே, "அந்நிரல் ஒன்பது ஆண்டுகளாகப் பிழையுடன் இருந்தது, ஆசிரியர் நிறுவிக்காட்டியதிலும் அதே பிழை உண்டு," என்று உலகுக்கு அறிவித்தனர். பிழை யாது? நடுவிடத்தைக் காணத் தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பது வழக்கம். கணிப்பொறியில் 32 பிட்டு அளவுள்ள எண் 2147483647-க்கு மேல் செல்லாது. பட்டியல் மிகப் பெரிதாயின் அக்கூட்டல் இவ்வெல்லையைக் கடந்து, விடை குறையெண்ணாக மாறிவிடுகின்றது. கூட்டாமல், இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, வந்ததைப் பாதியாக்கித் தொடக்கத்துடன் சேர்த்தால் இடர் நீங்கும். நான்காம் வகுப்புக் கணக்கு! அதனுள் உலகம் அறுபது ஆண்டுகள் தடுமாறியது.

இதனைக் கேட்ட அப்பெண்ணின் முகம் மாறியதை யாம் கவனித்தோம். தான் ஒருத்தியே அறியாதவள் என்ற எண்ணம் அவளைவிட்டு நீங்கியது போலும். அன்று முதல் நூறு வினாக்களை விட்டுப் பதினைந்து வினாக்களை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் வெறுமையான உள்ளீடு, ஒன்றே உள்ள உள்ளீடு, எல்லாம் ஒன்றுபோல் உள்ள உள்ளீடு, மிகப் பெரிய உள்ளீடு என வைத்துக் கையாலேயே ஓட்டிப் பார்த்தாள். பழைய தேதிக்காலண்டர்த் தாள்களின் பின்புறம் இதற்கென்றே படைக்கப்பட்டது போலும். கிழித்தெறியாமல் சேர்த்துவைக்கும் எம் பாட்டியார்க்கு இவ்விடத்தில் நன்றி கூறுகின்றோம்.

பாட்டியாரைப் பற்றி மற்றுமொன்றும் கூறவேண்டும். கணிப்பொறியின்முன் தனித்து அமர்ந்து எழுதுவது ஒரு திறம். அயலார் ஒருவர் எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, சிந்திப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது முற்றும் வேறான திறம். அமெரிக்காவில் வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாப்ட் கம்பெனியாரும் இதனை ஆராய்ந்து 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாணவர் நாற்பத்தெண்மரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரைத் தனியறையிலும் மற்றவரைப் பரீட்சகர் எதிரிலும் ஒரே வகை வினாவுக்கு விடை எழுதச் செய்தனர். பிறர் பார்க்க எழுதியவரின் செயல்திறம் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. பெண்களைப் பொறுத்தவரை, தனியறையில் எழுதியோர் யாவரும் வெற்றி பெற்றனர். பரீட்சகர்முன் எழுதியோருள் ஒருவரும் பெற்றிலர். சிறிய ஆராய்ச்சியேயாயினும் எமக்கு இது பெரிய செய்தி. 'எனக்கு அறிவில்லை' என்று அழுதுகொண்டு வீடு திரும்பும் பிள்ளைகளுட் பலர்க்கு அறிவு நிரம்ப உண்டு. பார்ப்போர் எதிரே அவ்வறிவை வெளிப்படுத்தும் பழக்கமே இல்லை என்பது இதனால் விளங்கும்.

பழக்கம் வேண்டுமெனின் பார்ப்போர் வேண்டும். எம் வீட்டில் எப்பொழுதும் ஓய்வாக இருப்பவர் பாட்டியார் ஒருவரே. அவர் எதிரே நின்று, சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி, செய்வதையெல்லாம் தமிழில் சொல்லுமாறு அப்பெண்ணைப் பணித்தோம். முதல் நாள் குரலே எழவில்லை. இரண்டாம் நாள் நடுவில் திறப்பது, பாதியை ஒதுக்குவது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பாட்டியார் வெற்றிலையை மென்றவாறே, "ஏம்மா, நீ தூக்கிப் போட்ட பாதியில் அது இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டனர்.

இருபாதித் தேடலைப் பற்றிக் கேட்கத்தக்க வினாக்களுள் தலையாயது அதுவே. வரிசையாக அடுக்கப்பட்ட பட்டியலாதலின் அங்கே இருக்க இயலாது. வரிசையின்றி இருந்தால் இம்முறையே செல்லாது என்பது அதன் விடை. அப்பெண் சற்று நின்று, "பாட்டி, வரிசையாக அடுக்கியிருந்தால்தான் இதைச் செய்யலாம், நான் முதலிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும்," என்றாள். எம் கம்பெனிப் பரீட்சகர்களுட் சிலர் பாட்டியாரிடம் வந்து பயிலலாம்.

ஆங்கிலத்தைப் பற்றிய அச்சம் பெரிது. இதில் எம் அனுபவத்தைத் திட்டமாகச் சொல்லுவோம். இலக்கணம் சிறிது வழுவியதற்காக நல்ல நிரலாளர் ஒருவரை யாம் விலக்கியதில்லை. அவ்வாறு விலக்கியோரையும் அரிதாகவே கண்டோம். சரளமாகப் பேசி, வினவியதற்கு விடை கூறாது சுற்றிச் சுற்றி வருவோரையே விலக்கியிருக்கின்றோம். குறுகிய வாக்கியங்கள் போதும். 'நான் முதலில் இதனைச் செய்கிறேன், ஏனெனில் இது, இதற்கு ஆகும் காலம் இவ்வளவு' என்னும் மூன்று வகை வாக்கியங்களை ஆங்கிலத்தில் தடையின்றிச் சொல்லக் கற்றாலே பாதிப் பரீட்சை முடிந்தது. முதலில் தமிழில் சொல்லித் தெளிந்து, பின் அதனையே ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுதல் நன்று. பொருள் தெளியாமல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்வோர் ஒரு சொல் மறந்ததும் முழுவதையும் இழக்கின்றனர். வினா விளங்காவிடில், மறுமுறை சொல்லுமாறு கேட்பது குற்றமன்று. விளங்காமலே விடை எழுதத் தொடங்குவதே குற்றம்.

இனி 'ரெஸ்யூமே' என்னும் தன்வரலாற்றுத் தாள். இதில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் ஒரு வினாவை அழைக்கும் அழைப்பிதழாகும். பத்து நிரல்மொழிகளை அடுக்குவோர், அப்பத்திலும் வினாக்களைத் தாமே வரவழைத்துக்கொள்கின்றனர். கலாசாலையில் ஐவர் சேர்ந்து செய்த 'ப்ராஜெக்ட்' எனின், அதில் தாம் செய்த பங்கு யாதென்று தெளிவுறச் சொல்லக்கூடியவாறு எழுதவேண்டும். சிலர் கடையில் காசு கொடுத்து ப்ராஜெக்டை வாங்கிவிடுகின்றனர். "இதில் தரவை எங்கே சேமித்துவைத்தாய்? ஏன் அங்கே?" என்னும் இரண்டே வினாக்களில் அது வெளிப்பட்டுவிடும். அதனினும் ஒரு சிறு காரியத்தைத் தாமே செய்வது மேல். தேநீர்க்கடைப் பெரியவரின் மகன், கடையின் பற்றுவரவுக் கணக்கை எழுதிவைக்க ஒரு சிறு செயலி செய்தான். யார் எவ்வளவு பாக்கி என்பதை அது காட்டும். பார்வைக்கு அழகில்லை. ஆனால் மின்சாரம் நின்றால் கணக்கு என்னாகும், ஒரே பெயருடைய இருவர் வந்தால் என்ன செய்வது என்பனவற்றையெல்லாம் அவன் உண்மையாகவே எதிர்ப்பட்டிருந்தான். பரீட்சகர் அரைமணி நேரம் அதனைப் பற்றியே கேட்டனராம். கேட்டதில் ஒன்றுக்கேனும் அவன் புத்தகத்தைத் தேடவேண்டியிருக்கவில்லை.

பொய்யைப் பற்றிச் சொல்லவேண்டிய பகுதி வந்துவிட்டது. இல்லாத அனுபவத்தை இருப்பதாகக் காட்டும் சான்றுகளை விலைக்குத் தருவோர் உளர். 'பின்கதவு' வழியாக வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பெறுவோரும் உளர். எமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தார் நகையை அடகுவைத்து இத்தகையோன் ஒருவனிடம் தொகை கொடுத்தனர். நியமன உத்தரவு ஒன்று வந்தது. அதனை எடுத்துக்கொண்டு சென்னைக்குச் சென்ற பிள்ளையை வாயிற்காவலரே திருப்பி அனுப்பிவிட்டனர். நகை இன்னும் மீளவில்லை. ஒழுங்கான கம்பெனி எதுவும் வேலை தருவதற்குப் பணம் கேட்பதில்லை என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால் மட்டும் போதாது, பெற்றோரிடமும் சொல்லுங்கள். ஏமாறுவோர் பெரும்பாலும் அவர்களே.

பொய்யின் புதிய உருவம் ஒன்றும் உண்டு. வீட்டிலிருந்தவாறே கணிப்பொறித் திரையின் வழியாக எழுதும் பரீட்சையில், செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் வினாவைக் கொடுத்து விடையைப் படித்துச் சொல்லுவோர் பெருகிவிட்டனர். படிப்பவர் கண்கள் ஓடும் விதமே அவர்களைக் காட்டிக்கொடுக்கும். மதுரையிற் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, தாம் தலைவராக உள்ள கூகிள் கம்பெனியில் ஒரு சுற்றேனும் நேரில் நடைபெறும் என்று 2025-ஆம் ஆண்டில் கூறியதும் இதன்பொருட்டே. 'பொறியே நிரல் எழுதுமாயின் நாங்கள் எதற்கு?' என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான வினாவே. பொறி எழுதியதைப் படித்து, அதில் பிழை எங்கேயென்று காட்டுவோர்க்குத் தேவை உண்டு என்பதே எம் விடை. இப்பொழுதெல்லாம் யாம் பிழையுள்ள நிரல் ஒன்றைத் தந்து, குற்றம் காணச் சொல்லியே பரீட்சிக்கின்றோம். காலண்டர்த் தாளில் கையால் ஓட்டிப் பழகியவர்க்கு இது பழகிய வேலை. ஆதலின் பொறியைப் படிக்கும் துணையாக வைத்துக்கொள்க; "நான் எழுதியதில் எங்கே தவறு?" என்று அதனைக் கேட்கலாம். "எனக்காக எழுது" என்று கேட்பது, பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் காலத்தில் ஆகாது.

பயணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சென்னையில் காலை ஒன்பது மணிக்குப் பரீட்சையெனின் முதல் நாள் மாலையே ஆரணி வழியாகப் பேருந்தில் சென்றுவிடுக. அல்லது காட்பாடிக்குச் சென்று ரயில் பிடிக்க. இரவெல்லாம் விழித்துப் பயணஞ்செய்து நேரே பரீட்சைக் கூடத்துக்குள் நுழைவோர் முகத்திலேயே தோல்வி எழுதியிருக்கும். மலைப்பிள்ளைகள் திரைவழிப் பரீட்சையாயின் முதல் நாளே போளூருக்கு இறங்கிவிடுதல் வேண்டும். மின்சாரமும் இணையமும் இரண்டும் நிலையாக உள்ள வீடு எது என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்தல் வேண்டும். சான்றிதழ்களின் பிரதிகள், அடையாள அட்டை, பேனா ஆகியவை பையில் உளவா என்று பார்த்துக்கொள்க. உடை சுத்தமாக இருந்தால் போதும், கழுத்துப்பட்டை வேண்டுவதில்லை.

ஹெச்.ஆர். நேர்முகத்தில் சம்பளத்தைக் கேட்க நாணுகின்றனர். நாண வேண்டுவதில்லை. பெரும் கம்பெனிகள் பல, புதிதாகச் சேர்வோர்க்கு நெடுங்காலமாக வருடத்துக்கு 3 லட்சம் முதல் 4 லட்சம் ரூபாய் வரையே தந்து வந்தன. அதில் கையில் வருவது எவ்வளவு, எத்தனை வருடம் இருக்கவேண்டுமென்ற ஒப்பந்தம் உண்டா, இடையில் விலகினால் தண்டம் எவ்வளவு, அசல் சான்றிதழ்களைக் கேட்பார்களா என்பனவற்றை வினவித் தெரிந்துகொள்க. கையொப்பமிடுவதற்குமுன் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒருமுறை படித்தல் நலம். வேலை உறுதி என்ற கடிதம் வந்தவுடன் படிப்பதை நிறுத்திவிடுவதும் தகாது. 2022-ஆம் ஆண்டில் தேர்வு பெற்றவர் பலர், சேரும் நாள் அறிவிக்கப்படாமல் இரண்டு ஆண்டுகள் வரை காத்திருந்தமை செய்தித்தாள்களில் வெளிவந்ததே.

பெரிய கலாசாலையிற் பயிலாதவர்க்கு வாயில்கள் அடைபட்டுள்ளன என்று சிலர் சோர்வது சரியன்று. ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996-ஆம் ஆண்டில் தொடங்கிய, இன்று ஜோஹோ என வழங்கும் கம்பெனி, பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமாவும் முடித்தவரையே தேர்ந்தெடுத்துப் பயிற்றும் பள்ளியை 2005-ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகின்றது. தென்காசிப் பக்கத்துச் சிற்றூராகிய மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்துள்ளது. தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ்க் கலாசாலை மாணவர்க்குத் திறன்பயிற்சிகள் கிடைக்கின்றன. இவற்றின் பயனை முழுதும் பெறுவோர் எம் பக்கத்தில் இன்னும் சிலரே. செய்தி எட்டாமையே காரணம் என்று எண்ணுகின்றோம்.

மலையிலிருந்து வந்த அப்பெண் முதற் பரீட்சையில் தேறவில்லை. இரண்டாவதிலும் மூன்றாம் சுற்றுவரை சென்று திரும்பினாள். ஒவ்வொரு முறையும், திரும்பும் பேருந்திலேயே, கேட்கப்பட்ட வினாக்களையும், தான் தடுமாறிய இடத்தையும், பிறகு தோன்றிய விடையையும் நினைவு மங்குவதற்குமுன் எழுதிவைக்குமாறு சொல்லியிருந்தோம். பழைய தடித்த நோட்டின் பின்பக்கங்களில் அவற்றை எழுதினாள். பேருந்தின் குலுக்கலில் அம்முத்துப்போன்ற கையெழுத்து கோணிக்கிடக்கும். ஐந்தாம் முறை சென்னையில் ஒரு சிறு கம்பெனியில் இடம் கிடைத்தது. முதற் சம்பளத்தில் அண்ணனுக்குப் பேருந்துக் கட்டணம் அனுப்பி ஊருக்கு வரச்சொன்னாள் என்று அவள் உறவினர் கூறக் கேட்டோம். நோட்டைத் தேநீர்க்கடைப் பையனிடம் கொடுத்துவிட்டுச் சென்றாள். அவன் வேலை பெற்றதும் தன் வினாக்களையும் எழுதிச் சேர்த்துப் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் கொடுத்தான். அட்டை கிழிந்து, இப்பொழுது பழுப்புத்தாள் உறை போட்டிருக்கின்றார்கள். சென்ற பொங்கல் விடுமுறையில் யாம் பார்த்தபோது, பின்பக்கங்கள் தீர்ந்துபோய், காலண்டர்த் தாள்களை வைத்துத் தைத்திருந்தனர்.